‘லூட்’ என்னும் ஆங்கில வினை

கொள்ளையிடுதலைக் குறிக்க ஆங்கிலத்தில் பெருவழக்காக உள்ள ‘லூட்’ என்னும் வினை இந்தியாவிலிருந்து சென்றதாகும். இந்தி ‘லூட்’ என்பதே அதன் மூலம். அது வடமொழி ‘லுண்ட்’ என்னும் வினையடியோடு இயைபுடையதாகக் கருதப்படுகிறது. ஆங்கிலத்தின் பழஞ்சொல்லான ‘ரீவ்’ ஏறத்தாழ வழக்கிறந்து, இழப்பைச் சுட்டும் ‘பிரீவ்’ என்பதனுள் எஞ்சி நிற்கிறது. ‘பிளண்டர்’ என்பதோ முப்பதாண்டுப் போர்க்காலத்தில் (1618–1648) செருமானிய மொழியிலிருந்து வந்தது. பின்வந்த இரண்டும் படையெடுப்புகளையொட்டிப் புகுந்த சொற்கள் என்பது கருதத்தக்கது.

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானின் கருவூலச் செல்வம் ‘பிரைஸ்’, அதாவது போர்ப்பரிசு, என்னும் பெயரில் படைத்தரத்திற்கேற்பப் பங்கிடப்பட்டது. அச்சொல்லுக்குச் சட்டப் போர்வை உண்டு. ‘லூட்’ என்பதற்கு அது இல்லை. (பறிகொடுத்தவர்க்கு இவ்வேறுபாடு புலப்பட்டிருக்க வாய்ப்பில்லை.) 1841ஆம் ஆண்டுச் சீனப்போர், கிரிமியப் போர், 1857ஆம் ஆண்டு எழுச்சி ஆகியவற்றால் இச்சொல் இங்கிலாந்தில் படிப்படியாக அறிமுகமாயிற்று என யூலும் பர்னெலும் தொகுத்த ‘ஆப்சன் ஜாப்சன்’ (1886) குறிப்பிடுகிறது. கலகக் காலத்தில் கடைகளைச் சூறையாடுவதற்கும் பின்னர் இவ்வினை விரிந்தது. சீரங்கப்பட்டணத்தில் எடுக்கப்பட்டு இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள திப்புவின் மரப்புலி போன்ற பொருள்களைப் பற்றிய விவாதங்களில் ‘பிரைஸ்’ என்பதைவிட ‘லூட்’ என்பதே மிகுதியாக ஆளப்படுகிறது.