லங்காராணியும் கடைசி அல்பமும்

2016இல் தனது ஐந்தாவது அல்பம் வருவதற்கு முன்னரே, இதுதான் கடைசி என்று எம்.ஐ.ஏ. அறிவித்திருந்தார். ஒஸ்லோவில் எங்கள் வீட்டில் அதைப் பெரிய செய்தியாக எடுத்துக்கொண்டது மகள்தான். "அப்பா, மாயா இனிப் பாடமாட்டாவாம்."

றப் பாடகர்களின் ஓய்வில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஜே-சீ 2003இல் 'த பிளாக் அல்பம்' வெளியிட்டு, நியூயோர்க்கில் பிரியாவிடைக் கச்சேரியும் வைத்தார். மூன்று வருடத்தில் அடுத்த அல்பத்தோடு வந்து நின்றார். ஆனால் மாயாவின் 'கடைசி' எனக்கு அப்படிப் படவில்லை. காரணம் அவருடைய அல்பங்களின் பெயர்கள்.

முதலாவது, 2005இல் வந்த 'அருளர்'. எங்கள் வயதுக்காரருக்கு அருளர் என்றால் ஈரோஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதைவிட, 'லங்காராணி' எழுதியவர். 1977 கலவரத்தில் கொழும்பிலிருந்து வடக்குக்கு அகதிகளை ஏற்றிவந்த கப்பலின் கதை அது. என் மகளுக்கோ அருளர் என்பது ஒரு அல்பம். வீட்டில் இல்லாத தகப்பனின் இயக்கப் பெயரை மகள் தன் முதல் அல்பத்துக்கு வைத்தாள். தகப்பன் பெயரை மாற்றச் சொன்னார். அவள் மாற்றவில்லை.

இரண்டாவது தாயின் பெயர், 'கலா', 2007. அமெரிக்க விசா இழுபட்டதால் நாடு நாடாகப் போய் ஒலிப்பதிவு செய்தது. சென்னையின் உறுமி மேளம் அதில் கேட்கும். முதல் பாட்டை மகள் காரில் போட்டபோது, "இது தளபதி!" என்று கத்தியது நான். இளையராஜாவின் பாட்டிலிருந்து எடுத்த துண்டு. இருபது வருடமாக நானும் பிள்ளைகளும் ஒரே பாட்டை ஒன்றாகக் கேட்டதில்லை.

பிறகு 2009. பெப்ரவரி 8ஆம் திகதி கிராமி மேடையில் நிறைமாத வயிற்றோடு பாடினார். மூன்றாம் நாள் குழந்தை பிறந்தது. அதே நாட்களில் வன்னியில் நடந்துகொண்டிருந்ததை அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் சொன்னார். நாங்கள் இங்கே நாடாளுமன்றத்தின் முன் பதாகைகளோடு நின்றோம். 2002 போர்நிறுத்தத்துக்கு அனுசரணை செய்த நாடு இது. அப்படியிருந்தும் என்னோடு வேலை செய்த நோர்வேக்காரர் ஒருவர் கேட்ட கேள்வி: "'பேப்பர் பிளேன்ஸ்' பாடுகிற பெண்ணும் உங்கள் ஆளா?" ஓம் என்றேன். அதன் பிறகுதான் மிச்சத்தைக் கேட்டார்.

அன்றிலிருந்து அவரை நாங்கள் சும்மா விடவில்லை. சாட்சி, தூதர், வழக்கறிஞர் எல்லாம் அவரே ஆகவேண்டியிருந்தது. ஒரு புதுப் பாட்டு வந்தால் அதில் ஊர் எங்கே என்று தேடினோம். வெளியே அதற்கு எதிர்த்திசையில் அடி. 2010இல் நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகை எழுதிய நீண்ட கட்டுரையில், அவர் சாப்பிட்ட உருளைக்கிழங்குப் பொரியல்கூட அவருடைய அரசியலுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அதே ஆண்டில் 'மாயா', 2013இல் 'மாதங்கி'. இரண்டும் சொந்தப் பெயர்தான். ஐந்தாவது 'ஏ.ஐ.எம்.', எம்.ஐ.ஏ.வைத் திருப்பிப் போட்டது. தகப்பன், தாய், தான் என்று எல்லாம் முடிந்து, பெயரையும் புரட்டிப் போட்டாயிற்று. இதனால்தான் அந்த 'கடைசி'யை நான் நம்பினேன்.

கடைசி அல்பம் என்றதும் எங்களில் பலர் முள்ளிவாய்க்கால் முழுவதையும் அதில் எதிர்பார்த்தார்கள். வந்தது 'போர்டர்ஸ்'. வேலி ஏறுகிறவர்கள், படகு நிறைய மனிதர்கள், நடுவில் அவர். 2015இல் மத்தியதரைக் கடலைக் கடந்தவர்களின் காலத்துப் பாட்டு. எங்களைப் பற்றி ஒன்றுமில்லை என்று ஒரு நண்பர் குறைப்பட்டார். எனக்கு லங்காராணி ஞாபகம் வந்தது. தகப்பன் எழுதிய கப்பலில் எங்கள் சனம் மட்டும் இருந்தது; மகளின் படகில் யாரும் ஏறலாம். இசையாக அந்த அல்பம் 'கலா'வுக்குக் கிட்டவும் வராது, அது வேறு விஷயம்.

2019 டிசம்பரில் அருளர் காலமானார். அடுத்த மாதம் மாயாவுக்கு பிரித்தானிய அரச விருது கையளிக்கப்பட்டது. தாய் கலா பல வருடங்களாக அரண்மனைப் பதக்கங்களுக்குத் தையல் வேலை செய்தவர் என்று மாயாவே சொல்லியிருக்கிறார்.

கடைசி இல்லை என்பது 2022 ஒக்ரோபரில் தெரிந்தது. 'மாதா' வந்தது. அதில் 'புத்தி' என்றொரு பாட்டு. இப்போது தனியாக இருக்கும் மகள் இணைப்பை அனுப்பி, இந்தச் சொல்லுக்கு நோர்வேஜிய மொழியில் என்ன என்று கேட்டாள். மூன்று சொற்கள் எழுதி அனுப்பினேன்.