சின்னப் புள்ள பேச்சு

நான் வளர்ந்தது ஈப்போவில். பாட்டி பால் மரம் சீவிய தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம். இன்று அது செம்பனைக் காடு. ஆயாக்கொட்டகை இருந்த இடத்தைக் காட்டும்போதுதான் பாட்டி அந்தக் கதையைச் சொன்னார். ஒரு சிறுமி மண்டோரைப் பற்றி அம்மாவிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. "சின்னப் புள்ள பேச்ச நம்பி என்னா செய்யிறது?" என்று முடித்துவிட்டார்கள். அந்தக் குடும்பம்தான் தோட்டம் மாறிப் போனது.

தோட்டத்து மக்கள் எப்போதும் வாய்மூடி இருந்தவர்கள் அல்ல. 1941இல் ஆர்.எச்.நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தில், பெண்களிடம் துரைமார்கள் அத்துமீறுவது நிற்கவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. பிள்ளைகளுக்குக் கேட்டது படிப்பு. துரையைக் கேள்வி கேட்க முடிந்தது. லயத்துக்குள் இருப்பவனைக் கேட்பதுதான் கஷ்டம்.

பஞ்சாயத்தை மட்டும் திட்டி என்ன பயன்? சட்டமும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது. சாட்சியச் சட்டத்தின் 133ஏ பிரிவின்படி, சத்தியப் பிரமாணம் புரியாத குழந்தை சாட்சி சொல்லலாம். ஆனால் அதை உறுதிப்படுத்த வேறு சாட்சியம் வேண்டியிருந்தது. யாருமில்லாத இடத்தில் நடக்கும் குற்றத்துக்கு வேறு சாட்சியம் எங்கே கிடைக்கும்?

எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது, 2016 ஜூனில், ரிச்சர்ட் ஹக்கலுக்கு லண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. ஒப்புக்கொண்ட குற்றங்கள் 71. 2006 முதல் 2014 வரை நடந்தவை. பெரும்பாலும் கோலாலம்பூரின் ஏழைக் குடும்பங்களில், உதவ வந்தவனாகப் பழகிச் செய்தவை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நடந்ததை லண்டன் சொல்லித்தான் நாம் தெரிந்துகொண்டோம். இந்த வெட்கம்தான் சட்டத்தை வேகப்படுத்தியது என்பது என் எண்ணம்.

2017 ஜூலை 10இல் சட்டம் 792 அமலுக்கு வந்தது. கெட்ட நோக்கத்தோடு குழந்தையிடம் பேசிப் பழகி வசப்படுத்துவதே தனிக் குற்றமானது. ஐந்தாண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. புத்ராஜெயாவில் சிறப்பு நீதிமன்றம் அதற்கு முந்தைய மாதமே திறந்துவிட்டது. 2023 திருத்தத்தில் படத்தைக் காட்டி மிரட்டுவதும் குற்றமாகச் சேர்ந்தது. நான் திரும்பத் திரும்பப் படித்தது 18ஆம் பிரிவைத்தான். குழந்தையின் சாட்சியத்தை மட்டும் வைத்தே நீதிமன்றம் தண்டிக்கலாம் என்கிறது அது. அடுத்த பிரிவின்படி, தெரிந்தும் போலீசில் சொல்லாதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம்.

இரண்டையும் பாட்டிக்கு விளக்கினேன்.

"அப்ப கோயில்ல உக்காந்திருந்தவங்க எல்லாருக்குமா?"

"இப்ப நடந்தா, ஆமா பாட்டி."

"நானுந்தான் அங்க இருந்தேன்" என்றார். அந்தச் சிறுமியின் பெயரை நான் கேட்கவில்லை.