ஜிஎஸ்எம் - சிடிஎம்ஏ போட்டி: அலைக்கற்றையைத் திறம்படப் பயன்படுத்தியது எது?

இந்தியாவின் முதல் செல்லிடப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31-இல் கொல்கத்தாவிலிருந்து தில்லிக்குப் பேசப்பட்டது. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசுவும் மத்திய தகவல் தொடர்புத் துறை அமைச்சர் சுக்ராமும் உரையாடினர். அதே ஆண்டு பிப்ரவரியில்தான், வான்அலைகள் பொதுச் சொத்து என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்தச் சொத்தைத் திறம்படப் பயன்படுத்தும் தொழில்நுட்பம் எது என்ற கேள்வி, பின்னர் பெரும் போட்டிக்கு வித்திட்டது.

இரு வழிமுறைகள்

ஜிஎஸ்எம் முறை, அலைக்கற்றையை 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள தடங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு தடமும் 8 நேரக்கூறுகளாகப் பகுக்கப்படுகிறது. வாய்க்கால் நீரை முறைவைத்துப் பாய்ச்சுவதைப் போன்றது இது. அருகருகே உள்ள கோபுரங்கள் ஒரே தடத்தைப் பயன்படுத்தினால் இடையூறு நேரும் என்பதால், சற்றுத் தொலைவிலுள்ள கோபுரத்தில்தான் அத்தடத்தை மீண்டும் பயன்படுத்த இயலும்.

சிடிஎம்ஏ முறையில், 1.25 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே தடத்தில் அனைவரும் ஒரே நேரத்தில் பேசுவர். ஒவ்வோர் அழைப்புக்கும் தனிக் குறியீடு உண்டு; அதைக் கொண்டு உரிய குரல் பிரித்தெடுக்கப்படும். அடுத்தடுத்த கோபுரங்களும் அதே தடத்தைப் பயன்படுத்தலாம். ஆனால், பேசுவோர் எண்ணிக்கை கூடக்கூட இரைச்சல் உயரும். எனவே ஒவ்வொரு கைபேசியின் சமிக்ஞை வலிமையையும் நொடிக்குப் பலநூறு முறை சரிசெய்ய வேண்டியிருக்கும்.

சலுகையா, தண்டனையா?

2003-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த உரிமத்தில், ஒவ்வொரு திசைக்கும் தொடக்க ஒதுக்கீடாக ஜிஎஸ்எம் முறைக்கு 4.4 மெகாஹெர்ட்ஸ் வரையும், சிடிஎம்ஏ முறைக்கு 2.5 மெகாஹெர்ட்ஸ் வரையும் நிர்ணயிக்கப்பட்டன. கூடுதல் அலைக்கற்றை, சந்தாதாரர் எண்ணிக்கையின் அடிப்படையில் வழங்கப்பட்டது. அதிகத் திறனுடையது எனக் கருதப்பட்ட முறைக்கே குறைந்த அலைக்கற்றை கிடைத்ததால், இரு தரப்பு நிறுவனங்களுக்கும் இடையே நீண்ட சர்ச்சை மூண்டது. 2007-இல் சிடிஎம்ஏ நிறுவனங்கள் ஜிஎஸ்எம் சேவையும் வழங்க அனுமதிக்கப்பட்டன. 2012 பிப்ரவரி 2-இல் 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, ஏல முறையை வலியுறுத்தியது.

ஏலத்தில் பெறும் அலைக்கற்றையில் எந்தத் தொழில்நுட்பத்தையும் பயன்படுத்தலாம் என்ற நிலை உருவானதும், பழைய போட்டி பொருளிழந்தது. சந்தையில் ஜிஎஸ்எம் வென்றபோதிலும், அதன் வழிவந்த 3ஜி சேவை குறியீட்டு முறையையே ஏற்றது. 4ஜி இரண்டையும் கடந்து, அலைக்கற்றையை 15 கிலோஹெர்ட்ஸ் இழைகளாகப் பிரித்து, மில்லிநொடிக்கு ஒருமுறை தேவைக்கேற்பப் பங்கிடுகிறது. ஒருகாலத்தில் சிடிஎம்ஏ இயங்கிய 800 மெகாஹெர்ட்ஸ் பட்டை, 2016 முதல் 4ஜி சேவைக்குப் பயன்படுகிறது.

இன்றைய கேள்வி

கோடிக்கணக்கானோர் இன்றும் பொத்தான் கைபேசிகளையே நம்பியுள்ளனர். அவர்களுக்காக 2ஜி சேவையைத் தொடர்ந்தால், அலைக்கற்றையின் ஒரு பகுதி குறைந்த திறனில் முடங்கும்; நிறுத்தினால், புதிய கைபேசி வாங்க இயலாதோர் தொடர்பை இழப்பர். பயன்படுத்தப்படாத அலைக்கற்றையைத் திரும்பப் பெற 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. எனினும், பொதுச் சொத்தின் திறனை மதிப்பிடுகையில், ஒரு மெகாஹெர்ட்ஸில் எத்தனை அழைப்புகள் என்பதோடு, எவருடைய அழைப்புகள் என்பதும் கணக்கில் கொள்ளப்பட வேண்டியதாகிறது.