இந்த ஆண்டா, அடுத்த ஆண்டா?

போர்முலா 1 அணி ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு கார்களுக்காக உழைக்கிறது: இந்த வாரம் ஓடும் கார், அடுத்த ஆண்டு ஓடப்போகும் கார். பொறியியலாளர்கள், பணம், காற்றுச் சுரங்கச் சோதனை நேரம் எல்லாவற்றையும் இரண்டுக்கும் பங்கிட வேண்டும். விதிகள் பெரிதாக மாறும்போது இந்தப் பங்கீடு இன்னும் கடினமாகிறது. பழைய காரில் செய்த திருத்தங்களில் பல புதிய காருக்கு உதவாது.

2009 விதிமாற்றத்தை எதிர்பார்த்து, ஹொண்டா அணித் தலைவர் ரொஸ் பிரோன் 2008 காரை மேம்படுத்துவதை முன்கூட்டியே கைவிட்டார். அணி 14 புள்ளிகளுடன் 9ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. மக்லரனும் பெராரியுமோ பிரேசிலில் நடந்த கடைசிப் பந்தயம் வரை பட்டத்துக்காக மோதின. லூயிஸ் ஹமில்டன் ஒரே புள்ளியால் வென்றார்.

டிசெம்பரில் ஹொண்டா விலகியது. நூற்றுக்கணக்கானோரின் வேலை கேள்விக்குறியானது. பிரோன் அணியைப் பொறுப்பேற்று, மெர்சிடிஸ் இயந்திரத்துடன் 2009இல் களமிறக்கினார். ஜென்சன் பட்டன் முதல் 7 பந்தயங்களில் 6இல் வென்றார். மக்லரனும் பெராரியும் தொடக்கத்தில் திணறின. பின்னர் பணத் தட்டுப்பாட்டால் பிரோன் அணியின் வேகம் தளர்ந்தது. பட்டன் அதன்பின் ஒரு பந்தயமும் வெல்லவில்லை. ஆனாலும் ஏற்கெனவே சேர்த்த புள்ளிகள் கைகொடுக்க, ஓட்டுநர், அணி ஆகிய இரு பட்டங்களும் கிடைத்தன.

2021 முதல் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. முதலாண்டில் அது 145 மில்லியன் டொலர். பின்தங்கிய அணிகளுக்குக் காற்றுச் சுரங்க நேரமும் கூடுதலாகக் கிடைக்கிறது.

ஆனால் விட்டுக்கொடுத்த எல்லோருக்கும் பட்டம் கிடைப்பதில்லை. ஹாஸ் அணி 2022 காருக்காக 2021ஐக் கைவிட்டு, அவ்வாண்டில் ஒரு புள்ளிகூடப் பெறவில்லை. மறு ஆண்டு அது எட்டியது 8ஆம் இடமே.