தவணை, கிஸ்தி, பட்டம்: ‘கட்டுதல்’ என்னும் வினையின் சட்டப் பொருள்

தவணை, கிஸ்தி ஆகிய இரண்டையும் ஒரே பொருளனவாகக் கொண்டு, முன்னது ஊர் வழக்கு, பின்னது கச்சேரி வழக்கு என்று மட்டும் பிரித்துக் காட்டும் ஆய்வுப் போக்கு மறுபரிசீலனைக்கு உரியது. பங்கு என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்த கிஸ்தி, பகுத்துச் செலுத்தும் தொகையைக் குறிக்க, தவணையோ அடிப்படையில் கெடுவை, அதாவது செலுத்துவதற்கு விதித்த காலத்தைக் குறிக்கிறது. ‘தவணை கேட்டான்’ என்றால் அவன் கேட்டது அவகாசமே. இலங்கைப் பள்ளிகளில் கல்விப் பருவம் தவணை எனப்படுவதும், பணத்தைச் சுட்ட ‘தவணைத் தொகை’ என்று சொல் சேர்க்க நேர்வதும் இதற்கு அரண் செய்கின்றன. தடுப்பூசியின் ‘இரண்டாம் தவணை’ அளவைத்தானே குறிக்கிறது எனலாம்; நேற்றைய செய்தித்தாள் வழக்கைக் கொண்டு பழைய பத்திரத்தைப் படிப்பது முறையன்று.

கடன் பத்திரங்களில் வரும் ‘ஒரு தவணை தவறினாலும் முழுத் தொகையும் உடனே செலுத்த வேண்டும்’ என்பது போன்ற வாசகத்தில்தான் இவ்வேறுபாடு கூர்மை பெறுகிறது. மாதம் 5ஆம் தேதி 1,000 ரூபாய் வீதம் 12 மாதங்களில் அடைக்க வேண்டிய கடனில், மூன்றாம் மாதத் தொகை 15ஆம் தேதி முழுமையாகச் செலுத்தப்படுவதாகக் கொள்ளலாம். தவணை தொகையாயின் அது வந்துசேர்ந்துவிட்டது. காலமாயின் 5ஆம் தேதி கடந்தவுடனேயே தவறிவிட்டது. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்ட அட்டவணையின் 36ஆம் உறுப்பு, ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் கெடு முடிந்த நாளிலிருந்து மூன்றாண்டு அளிக்கிறது. மேற்கண்ட நிபந்தனை உள்ள பத்திரங்களுக்குரிய 37ஆம் உறுப்போ, தவறிய நாளிலிருந்தே மூன்றாண்டைக் கணக்கிட்டு, கடன் கொடுத்தவர் அந்நிபந்தனையின் பயனை விட்டுக்கொடுத்தால் மட்டும் அடுத்த தவறுதல்வரை காத்திருக்கிறது. ஆங்கில மூலம் பகுதிக்கு ஒரு சொல்லும் கெடுவுக்கு வேறொரு சொல்லும் ஆள, தமிழில் இரண்டையும் தவணை என்று எழுதினால், அந்தப் பத்து நாள் தாமதம் எந்தப் பக்கம் விழும் என்பது பத்திரத்தின் சொல்லிலிருந்து தெரியாமற்போகிறது.

கல்வராயன் மலையின் வரலாறு இச்சிக்கலின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. ஒருவரைத் தலைமையில் அமர்த்துவதும் ‘பட்டம் கட்டுதல்’, கெடுவில் பணம் செலுத்துவதும் ‘கிஸ்தி கட்டுதல்’. ஒன்றில் பெறுபவர் மீது உரிமையும் மற்றொன்றில் செலுத்துபவர் மீது கடப்பாடும் கட்டப்படுகின்றன. இதைத் தற்செயல் என ஒதுக்குவோர் வினையின் இப்பொது அடியைக் கருதுவதில்லை. எனினும் வினை ஒன்றாயிருப்பதால் உரிமையும் ஒன்றாகிவிடாது. இம்மலையில் தலைமை வகித்த சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் ஆகிய ஜாகீர் (மானிய நில) மரபினருக்கு மலைமக்கள் கட்டியதைக் கிஸ்தி என எழுதுவது, ஒருவேளை வழக்காறாக ஏற்கத்தக்கதாயினும், சட்டச் சொல்லாக ஏற்கத்தக்கதன்று. ஏனெனில் 1864ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டத்தில் கிஸ்தி என்பது நிலமுடையோர் அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகையே. அதில் செலுத்தாமல் நின்ற பகுதியும் நிலுவையே. இனாம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் (26/1963) இயற்றப்பட்ட பின்னும் இம்மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது 1976இல்தான். அந்த இடைவெளியில் ஜாகீர்தாருக்கு எது கட்டப்பட்டிருந்தாலும் அது கிஸ்தி ஆகாது.

ஆகவே, இம்மலையை ஒட்டிய கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் பகுதிகளில் பத்திரம் எழுதுவோர் ‘தவணை’ என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், தவணை நாளையும் தவணைத் தொகையையும் தனித்தனி வரியில் எழுத வேண்டும்.