கொச்சி யூதப் பெண்களின் பாட்டு நோட்டுகள்

யூதர்களின் கூட்டு வழிபாட்டுக்கு வயதுவந்த பத்து ஆண்கள் வேண்டும்; மரபு வழியில் பெண்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. இதை மட்டும் வைத்து, பழைய யூதப் பெண்களுக்குச் சமய வாழ்வே இல்லை என்று முடிவுகட்டுவது அவசரம். கொச்சியில் பெண்கள் தொழுகைக்கூடத்தின் மாடியில் தனியாகத்தான் அமர்ந்தார்கள். ஆனால் விவிலியக் கதைகளையும் தொழுகைக்கூடங்கள் எழும்பிய வரலாற்றையும் மலையாளப் பாட்டாகப் பாடிக் காத்தவர்கள் அவர்களே. நோட்டுகளில் கையால் எழுதி வைத்து, கல்யாணத்திலும் பண்டிகையிலும் ஆண்கள் கேட்கவே பாடினார்கள். பெண் குரலை ஆண் கேட்கலாகாது என்ற கண்டிப்பு பல யூதச் சமூகங்களில் இருந்ததை எண்ணினால் இது சின்ன விஷயமல்ல.

பாட்டு வேறு, அதிகாரம் வேறு என்று மறுக்கலாம். நியாயமான மறுப்புதான்; யூதர்களின் புனித நூலான தோராவை வாசித்ததும் சமூகத்தை நடத்தியதும் ஆண்களே. அந்தக் குறையைப் பாட்டு ஈடுகட்டிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எபிரேய வழிபாட்டின் பெரும்பகுதி உலக யூதர்கள் எல்லோருக்கும் பொதுவானது. கொச்சிக்கே உரிய நினைவு எது என்று தேடினால், பெரிதும் இந்த நோட்டுகளிடம்தான் வரவேண்டியிருக்கிறது. 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பிறகு, ஆய்வாளர்கள் பாட்டுகளைத் திரட்ட நாடியதும் பெண்களைத்தான்.