குழாயடி வரலாறு

இந்த லீவில் எங்கள் வீட்டுக் குளியலறையை இடித்துக் கட்டுகிறோம். அப்பா வி.ஆர்.எஸ். வாங்கி வந்த பணத்தில் ஒரு பகுதி இதற்கு. "நீதான பி.காம். படிக்க, நாலு கம்பெனிய ஒப்பிட்டு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடு" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

இடிப்பதற்குக் காரணம் ஆச்சி. ஆச்சிக்கு விரல் மூட்டெல்லாம் வலி. முப்பது வருஷத்துப் பித்தளைக் குழாயை இறுக்கித் திருக முடியவில்லை. ராத்திரி முழுக்கச் சொட்டுகிறது. போன மாதம் கீசர் குழாயைத் திறந்துவிட்டு மூட வராமல் கையைச் சுட்டுக்கொண்டாள். பெரிய காயம் இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் அப்பா முடிவெடுத்தார்.

கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு குழாய்களுக்குப் பத்து மடங்கு விலை வித்தியாசம். கடைக்காரரிடம் ஏன் என்று கேட்டால் "பிராண்டு தம்பி" என்கிறார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. வரலாற்று மாணவர்கள் மன்னிக்கவும் :-)

முதலில் நம் பழைய குழாய்

எங்கள் வீட்டில் இருப்பது திருகு குழாய். தலையைத் திருகினால் உள்ளே ஒரு ஸ்பிண்டில் இறங்கி, ஒரு வாஷரை அழுத்தி, தண்ணீர் வரும் ஓட்டையை அடைக்கும். இந்த முறைக்கு 1845-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கித் தயாரித்தது ராதர்ஹாம் ஊரில் இருந்த கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்பகம். அதற்கு முன் இருந்தது பீப்பாயில் இருப்பது போன்ற கால் சுற்றுக் குழாய். நகரங்களில் அழுத்தத்தோடு தண்ணீர் வரத் தொடங்கியதும் அது தாங்கவில்லை. அதனால் மெதுவாக மூடும் திருகு வந்தது.

அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. வாஷர் தேயத் தேய இன்னும் இறுக்க வேண்டும். இறுக்க இறுக்க வாஷர் இன்னும் தேயும். நமக்கு இது அலுப்பு, ஆச்சிக்கு வலி.

இன்னொரு விஷயமும் இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். பிளம்பர் "அரை இன்ச்" என்கிறாரே, அந்த மரையை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர் வரும்! அரை இன்ச் என்பது பைப்பின் உள்விட்டத்துக்கு வைத்த பெயர். 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் மரைகளுக்கு ஒரே அளவுமுறை வேண்டும் என்று முன்வைத்த திட்டத்தின் வாரிசுதான் பிரிட்டிஷ் பைப் மரை. வெள்ளைக்காரன் போனாலும் அவன் மரை போகவில்லை. ஜெர்மன் குழாயும் இதே மரைதான், அப்படியே பொருந்தும். அமெரிக்காவின் மரைக் கோணம் வேறு. அங்கிருந்து சொந்தக்காரர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் குழாய் நம் சுவரில் சரியாக உட்காராமல் படுத்துவது இதனால்தான்.

கையைச் சுட்டுக்கொண்ட மாணவன்

1937. அமெரிக்காவின் சியாட்டில் நகரம். அல்ஃப்ரெட் மோயன் என்ற கல்லூரி மாணவர், படிப்புச் செலவுக்காக ஒரு கராஜில் வேலை பார்த்தார். வேலை முடிந்து கை கழுவப் போனவர் இரண்டு கைப்பிடிக் குழாயைத் திறந்தார். வெந்நீர் சட்டென்று பாய்ந்து கையைச் சுட்டுவிட்டது. (இதைப் படித்ததும் ஆச்சியிடம் போய்ச் சொன்னேன். "அவனுக்குமா?" என்று கேட்டாள்.)

நாமாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்போம். அவர் ஒரே கைப்பிடியில் வெந்நீரும் தண்ணீரும் சரியான சூட்டில் கலந்து வரும் குழாயை வரைய ஆரம்பித்தார். முதல் வடிவம் சரிப்படவில்லை. திரும்பத் திரும்ப வரைந்தார். இடையில் உலகப் போர் வந்து பித்தளை ராணுவத்துக்குப் போனது. போர் முடிந்த பிறகு சியாட்டிலில் ரவென்னா மெட்டல் ப்ராடக்ட்ஸ் என்ற கம்பெனி தயாரிக்க முன்வந்தது. 1947-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் முதல் ஒற்றைக் கைப்பிடிக் குழாய் விற்பனைக்கு வந்தது. கை சுட்டதற்கும் கடைக்கு வந்ததற்கும் நடுவே பத்து வருஷம். மோயன் என்ற பிராண்டு அவர் பெயர்தான்.

அடுத்தவர் அலெக்ஸ் மனூகியன். ஸ்மிர்னாவில் (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) பிறந்த ஆர்மீனியர். 1920-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1929-ல், அதாவது பங்குச்சந்தை சரிந்த அதே வருஷம், டெட்ராய்ட்டில் கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்யும் மாஸ்கோ என்ற பட்டறையைத் தொடங்கினார். ஒற்றைக் கைப்பிடிக் குழாய் ஒன்று அவரிடம் வந்தது. உள்ளே ஒரு உருண்டை சுழன்று தண்ணீரைக் கலக்கும். ஆனால் ஒழுகியது. அதைச் சரிசெய்து 1954-ல் டெல்டா என்ற பெயரில் விற்றார். உள்ளே இருந்த ஒரு பாகம் கிரேக்க எழுத்து டெல்டா போல முக்கோணமாக இருந்ததால் அந்தப் பெயர். கார் பாகம் செய்தவருக்கு நுணுக்கமாகக் கடைவது பழக்கம். அந்தத் திறமைதான் குழாயைக் காப்பாற்றியது.

ஒரே பெயரில் இரண்டு கம்பெனி

ஷவர் பக்கம் வந்தால் குழப்பம். க்ரோஹே, ஹான்ஸ்க்ரோஹே என்று இரண்டு ஜெர்மன் பெயர்கள். இரண்டும் ஒன்று என்று கடைக்காரரே சொன்னார். இல்லை.

ஹான்ஸ் க்ரோஹே 1901-ல் கறுங்காட்டுப் பகுதியில் ஷில்டாக் என்ற சிற்றூரில் ஒரு சின்ன உலோகப் பட்டறை வைத்தார். தகர ஷவர் செய்தார். வீட்டுக்குள் குளியலறை என்பதே பணக்கார விஷயமாக இருந்த காலம். 1928-ல் பீங்கான் கைப்பிடி வைத்த கை ஷவர், 1953-ல் அதை மேலும் கீழும் நகர்த்தி மாட்டச் சுவர்க் கம்பி. இன்று நம் ஊர்க் கடையில் தொங்கும் கை ஷவர் செட் எல்லாம் இந்த வழியில் வந்தவை.

அவருடைய மகன்களில் ஒருவரான ஃப்ரீட்ரிஷ் தனியாகப் போய் 1936-ல் ஹேமர் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையை வாங்கினார். அதுதான் க்ரோஹே. அப்பா கம்பெனி ஒன்று, மகன் கம்பெனி ஒன்று. நம் ஊரில் "ஒரிஜினல்" அல்வாக் கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல :-)

மகன் கம்பெனியின் பிற்பாதிக் கதை வணிகவியல் படிக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. 1990களின் கடைசியில் குடும்பத்தின் கையிலிருந்து முதலீட்டு நிறுவனங்களிடம் போனது. 2004-ல் மறுபடி கைமாறியது. ஆட்குறைப்பு வந்தது. 2005-ல் ஜெர்மன் அரசியல்வாதி ஃபிரான்ஸ் முன்டஃபெரிங் இப்படிப்பட்ட முதலீட்டாளர்களை வெட்டுக்கிளிகளோடு ஒப்பிட்டபோது, நாடு முழுக்க உதாரணமாகப் பேசப்பட்ட பெயர்களில் க்ரோஹேவும் ஒன்று. 2014-ல் ஜப்பானின் லிக்ஸில் நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது.

நம் நாட்டுக் கதை

இந்தியாவில் 1960-ல் என்.எல். மெஹ்ரா எஸ்கோ என்ற பெயரில் குழாய் வியாபாரத்தைத் தொடங்கினார். 1986-ல் அதே குடும்பம் கொஞ்சம் உயர்ந்த ரகத்துக்காகத் தனிப் பெயர் வைத்தது: ஜாக்வார். நான் இத்தனை நாளும் அதைச் சிறுத்தை, கார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுப் பாட்டி ஜெய் கௌர் பெயரைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். புரியும்.

தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி 1952-லிருந்து பீங்கான் சாமான் செய்தது. அதுதான் பாரிவேர். 1788-ல் சென்னையில் வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயர், பாரிமுனையில் நிற்கும் அதே பெயர், கழிவறைக் கோப்பையிலும் ஏறியது. 1981-ல் முருகப்பா குழுமத்திடம் வந்தது. 2006-ல் ஸ்பெயினின் ரோகாவோடு கூட்டு, 2008-ல் முழுதும் ரோகா வசம். அந்த ரோகாவோ 1917-ல் பார்சிலோனா பக்கத்தில் வீட்டைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டர் செய்யத் தொடங்கி, 1954-ல் குழாய்க்கு வந்த கம்பெனி.

அப்படியானால் பிராண்டு என்பது?

கார் பாகம் செய்த மாஸ்கோ 1985-ல் ஹான்ஸ்க்ரோஹேவில் பங்கு வாங்கத் தொடங்கி, இன்று பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்கிறது. அதாவது டெல்டாவும் ஹான்ஸ்க்ரோஹேவும் ஒரே முதலாளி. மோயன் இன்று ஃபார்ச்சூன் பிராண்ட்ஸ் கையில். அமெரிக்காவின் கோலரும் நம் ஜாக்வாரும் இன்னும் குடும்பங்கள் கையில்.

எங்கள் பாடத்தில் ஒரு விதி வரும். ஒரு கம்பெனி தானே வளர்த்த நற்பெயரைத் தன் கணக்குப் புத்தகத்தில் சொத்தாகக் காட்டக் கூடாது. இன்னொருவர் விலை கொடுத்து வாங்கினால் அவர் புத்தகத்தில் காட்டலாம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது அபத்தமாகத் தெரிந்தது. இப்போது புரிகிறது. ஐம்பது வருஷம் ஒழுகாத குழாய் செய்து சம்பாதித்த பெயருக்கு விற்கும் நாள் வரை விலையே கிடையாது. விற்ற பிறகு, அந்தப் பெயரைச் சம்பாதித்த தொழிலாளி அங்கே இருப்பார் என்பதற்கு உத்தரவாதமும் கிடையாது.

அதனால் அப்பாவுக்கு எழுதிய பேப்பரில் பெயர்களை ஒதுக்கிவிட்டு நாலு கேள்வி மட்டும் வைத்தேன். உடல் பித்தளையா, கலப்பு மலிவு உலோகமா? (கையில் தூக்கிப் பார்த்தாலே கனம் சொல்லும்.) உள்ளே செராமிக் தட்டு வைத்த கார்ட்ரிட்ஜா? ஐஎஸ்ஐ முத்திரை உண்டா? எங்கள் உப்புத் தண்ணீரில் அது கெட்டுப்போனால் மாற்றுக் கார்ட்ரிட்ஜ் நம் ஊரிலேயே கிடைக்குமா? கடைசிக் கேள்வியில்தான் வெளிநாட்டுப் பெயர்கள் பல அடிபட்டன.

கடைசியில் இந்தியத் தயாரிப்பு ஒன்றையே எடுத்தோம். ஒற்றை லீவர் மிக்ஸர், கூடவே ஒரு கை ஷவர். மிச்சமான பணத்தில் வழுக்காத டைல்ஸ். மாட்டிய அன்று ஆச்சி விரலைப் பயன்படுத்தாமல் புறங்கையால் லீவரைத் தூக்கினாள், தட்டினாள். தண்ணீர் நின்றது. "ஏ ஐயா, இத முன்னாலயே செஞ்சிருக்கலாம்லா" என்றாள்.

செய்திருக்கலாம்தான். ஒற்றைக் கைப்பிடி கடைக்கு வந்து எழுபது வருஷத்துக்கு மேலாகிறது. எங்கள் வீட்டுக்கு வர ஆச்சி கை சுட வேண்டியிருந்தது. உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருந்தால், இன்றைக்கு அவர்களைக் குழாயை மூடச் சொல்லி ஒரு தடவை பாருங்கள்.